கருவறையில் பூட்டிய கருவிகள்

ஆண்டுக்கு ஒருமுறை வெளியே வந்து வீதியுலா போகும் உற்சவ மூர்த்திகளைப் பற்றி நம் ஏடுகள் ஏராளமாக எழுதியிருக்கின்றன. எழுதப்படாத உற்சவ மூர்த்தி இன்னொன்று உண்டு. அதன் இருப்பிடம் கோவில் அன்று, பள்ளிக்கூடம். கருவறையோ, தலைமையாசிரியர் அறையிலே நிற்கும் இரும்புப் பீரோ. உள்ளே சுருட்டிக் கட்டிய படங்கள், உறை பிரிக்காத எழுத்தட்டைகள், பையை விட்டு இன்னும் பிறவாத கைப்பாவைகள். ஆய்வுக்கு அதிகாரி வருகிறார் என்ற செய்தி வந்ததும் நடை திறக்கும். தூசி தட்டித் திருமஞ்சனம் நடக்கும். சுவரெல்லாம் படம் ஏறும். வந்தவர் சுற்றிப் பார்ப்பார், "நன்று" என்று குறிப்பேட்டில் எழுதுவார், வண்டி ஏறுவார். மாலையில் மூர்த்தி மறுபடியும் உள்ளே, நடை சாத்தியாயிற்று!

இதற்குப் பெயர் கற்பித்தல் துணைக்கருவி. எவருக்குத் துணை? எதற்குக் கருவி? கேட்கிறோம்.

நாம் பணிபுரிவது கரிசல் பூமியில். கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் வழியாகத் தூத்துக்குடி செல்லும் சாலையில் இருக்கிறது எப்போதும்வென்றான் என்னும் ஊர். வெற்றி பெயரில் இருக்கிறது. மண்ணோ மானாவாரி. ஐப்பசியில் வானம் கண் திறந்தால் உளுந்தும் பாசியும் கம்பும் சோளமும் பருத்தியும் மிளகாயும் உண்டு. திறக்காவிடில் கடன் உண்டு. வானம் கைவிட்ட ஆண்டுகளில் இவ்வட்டாரத்துக்கு அடுப்பெரித்தது தீப்பெட்டித் தொழில். பலகை பிடிக்க வேண்டிய வயதிலே பிள்ளைகள் தீப்பெட்டிக் கூடு ஒட்டினர், குச்சி அடுக்கினர். தீப்பெட்டித் தொழிலில் சிறுவரை அமர்த்துவதைத் தடுக்கும் சட்டம் 1986-இல் வந்தது. சட்டம் வந்த அன்றே பிள்ளைகள் பள்ளிக்கு வந்துவிடவில்லை, ஆண்டுகள் பல பிடித்தன. அன்று கூடு ஒட்டியவர்களின் மக்களும் பேரப்பிள்ளைகளுமே இன்று நம் எதிரே பாய் விரித்து அமர்ந்திருக்கின்றனர். அந்தக் கைகள் நீளும்போதுதான் பீரோவின் கதவு சாத்தப்படுகிறது.

"தொடாதே! கிழித்துவிடுவாய்! கையைப் பார், அழுக்கு!" இந்தக் குரல் எங்கேயோ கேட்ட குரல் அல்லவா, தோழர்களே? கிணற்றடியில் கேட்டது, கோவில் வாசலில் கேட்டது, தேநீர்க் கடையின் தனிக் குவளையில் கேட்டது. ஆசிரியர் அந்த எண்ணத்தில் சொல்லவில்லை என்பர். ஒப்புகிறோம். அவர் அஞ்சுவது வேறொன்றுக்கு. பீரோவுக்குள் இருக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் இருப்புப் பதிவேட்டில் ஓர் எண் உண்டு. அட்டை ஒன்று குறைந்தால் அவர் பதில் சொல்ல வேண்டும். ஐந்தாம் வகுப்பை முடித்துச் செல்லும் பிள்ளை நியாயவிலைக் கடைப் பலகையைப் படிக்கத் தெரியாமல் நின்றால் எவரும் பதில் சொல்ல வேண்டியதில்லை! அட்டைக்கு எண் இருக்கிறது, பிள்ளைக்கு இல்லை. ஆகவே அட்டை பிழைக்கிறது.

ஆயுத பூசையன்று வீட்டிலே புத்தகங்களை அடுக்கி, சந்தனமும் குங்குமமும் இட்டு, இன்று இவற்றைத் திறந்து படிக்கலாகாது என்று பெரியவர்கள் பிள்ளைகளைத் தடுப்பர். கல்விக்குத் தெய்வம் வைத்து, அத்தெய்வத்தின் நாளில் கல்விக்கே விடுமுறை விட்ட அறிவுடைமையை என்னென்பது! ஏட்டை ஒருநாள் தொடாதே என்றது பழைய வைதிகம். பீரோவைப் பூட்டி ஆண்டு முழுதும் தொடாதே என்பது நம் கண் முன்னே வளர்கின்ற புதிய வைதிகம். மூலை மடங்கி, விளிம்பு நைந்து, எண்ணெய்க் கறையும் கரிசல் மண்ணும் ஏறிய அட்டையே வேலை செய்த அட்டை. அதைத் தள்ளுபடி செய்து புதியது வழங்க விதி எளிதாக வேண்டும். கிழிந்தது குற்றம் அன்று என்பதை எழுத்து மூலமாகச் சொல்லிவிட்டால், நூற்றுக்குப் பாதிப் பீரோக்கள் நாளையே திறந்துகொள்ளும்.

திறந்துகொண்ட பின்னர் உள்ளே இருப்பது என்ன என்பது அடுத்த கேள்வி.

சுவரில் தொங்கும் உயிரெழுத்துப் படத்தைப் பாருங்கள். உ என்றால் உரல். ஒ என்றால் ஒட்டகம். ஓ என்றால் ஓடம். ஔ என்றால் ஔவையார். தலைமுறை தலைமுறையாக இந்தப் பரிவாரம் மாறவில்லை. ஊரிலே ஆட்டுரல் மூலையில் கிடக்கிறது, மின் அரைவை வந்துவிட்டது. ஒட்டகம் எப்போதாவது எவனோ ஓட்டிவந்தால் உண்டு. ஓடம் காண வேண்டுமாயின் ஆறு வேண்டும். கரிசல் காட்டில் ஓடுவது ஓணான்! உ-வுக்கு உளுந்து இருக்கிறது, பிள்ளையின் சட்டைப் பையிலேயே இருக்கும். ஏ-வுக்கு ஏர். ஈ-க்கு முதல் மழைக்குப் புற்றிலிருந்து புறப்படும் ஈசல். ஐ-க்கு ஐவர் என்று ஐந்து பேரை வரிசையாக நிறுத்தி வரைவதைவிட ஐப்பசி என்று சொல்லிப் பாருங்கள். விதைப்பு, மழை, மண் ஒட்டிய கால், கடன் வாங்கிய விதை என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஒரு நாழிகை பேசும். ஔ-வுக்கு மட்டும் நம்மாலும் வழி காண இயலவில்லை. அவ்வை என்றே எழுதலாம் என்று பெரியார் சொன்னதைக் கேட்டிருந்தால் இந்தத் தொல்லையும் இராது.

ஒட்டகத்துக்கு நாம் பகைவர் அல்லோம். பிள்ளை ஊர் எல்லைக்குள்ளேயே அடைந்து கிடக்க வேண்டும் என்பாரும் அல்லோம். ஒட்டகமும் பனிமலையும் கப்பலும் வரட்டும், வரவேண்டும். ஆனால் எழுத்து என்பது புதுப்பொருள். அறியாத எழுத்தை அறியாத விலங்கின் மேலே ஏற்றி அனுப்பினால், பிள்ளை எதைப் பிடித்து எதை அறிவது? அறிந்த பொருளின் கையைப் பிடித்துக்கொண்டே அறியாத எழுத்து வகுப்பறைக்குள் வர வேண்டும்.

இதற்குக் கடைக்குப் போக வேண்டியதில்லை. ஊரின் பெயர்ப்பலகையே போதும். எப்போதும்வென்றான் என்ற பெயரை எழுதி எண்ணுங்கள். எழுத்து ஒன்பது. எ என்னும் உயிர் ஒன்று, மெய் நான்கு, உயிர்மெய் நான்கு. ஒற்றைக்கொம்பு உண்டு, இரட்டைக்கொம்பு உண்டு, கால் உண்டு, உகரச் சுழி உண்டு. வல்லின ஒற்று இரட்டிப்பதும் இதில் காணும், றகரமும் னகரமும் கூடி ஒலிப்பதும் காணும். வெல், வென்றான், வென்றாள் என்று விரித்தால் இலக்கணமும் வந்து சேரும். இவ்வூர்ப் பிள்ளை நாள்தோறும் பேருந்தின் நெற்றியிலே காணும் சொல் இது. ஓர் ஊர் தன் பெயரையே பாடநூலாக எழுதித் தெருவில் நட்டுவைத்திருக்கிறது. நாமோ பீரோவின் சாவியைத் தேடிக்கொண்டிருக்கிறோம்!

அந்தப் பெயரில் இருக்கும் றா என்ற எழுத்துக்கு ஒரு வரலாறு உண்டு. பழைய எழுத்தில் அதற்குத் தனிக் கால் கிடையாது, றகரத்தின் உடலோடு ஒட்டிச் சுழித்த வேறு வடிவம் இருந்தது. காவும் பாவும் ஒரு வகை, றாவும் ணாவும் னாவும் வேறு வகை. ஏன் என்று பிள்ளை கேட்டால் அப்படித்தான் என்பதே விடை. 1935-இல் குடிஅரசு ஏட்டில் பெரியார் எழுத்துச் சீர்திருத்தத்தைக் கையாளத் தொடங்கினார். அரசு அதனை ஆணையாக்கியது 1978-இல். ணா, றா, னா முதல் ணை, லை, ளை, னை வரை 13 எழுத்துகள் பொது விதிக்குள் வந்தன. இடையே 43 ஆண்டுகள்! அதுவரை வகுப்பறையில் உட்கார்ந்த ஒவ்வொரு பிள்ளையும் 13 விலக்குகளை மனப்பாடம் செய்தது. வண்ணப் படத்தாலும் வாங்கிய அட்டையாலும் செய்ய முடியாத உதவியை ஒரு பகுத்தறிவுத் திருத்தம் செய்தது. மொழி வகுப்பறைக்கு நம் நாடு கண்ட சிறந்த துணைக்கருவி எது என்று எம்மைக் கேட்டால் இந்த 13 எழுத்தையே காட்டுவோம். புனிதம் என்று எவரும் நினையாமல், பிள்ளைக்கு உதவுமா என்று மட்டும் பார்த்ததால் விளைந்தது அது.

இன்னொரு துணைக்கருவியும் இவ்வட்டாரத்தில் பிறந்ததுதான். 1956-இல் பக்கத்து ஊராகிய எட்டயபுரத்தில் காமராசர் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். பசித்த பிள்ளைக்குப் படம் தெரியாது. 2022-இல் காலை உணவும் சேர்ந்தது. சோற்றை உபகரணப் பட்டியலில் எவரும் எழுதுவதில்லை. (உபகரணம் என்ற சொல்லை மட்டும் விடாமல் எழுதுகின்றனர், கருவி என்றால் கனம் குறைந்துவிடுமாம்!)

பழங்காலத் திண்ணைப் பள்ளியிலே எல்லாம் இருந்தது, மணலே பலகை, விரலே எழுதுகோல் என்று பெருமை பேசுவோர் உண்டு. மணலில் எழுதியது உண்மை. சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் விடுதியை நடத்திவந்த ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார், நாட்டுப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதக் கண்டார். அதனைத் தம் விடுதியில் புகுத்தினார், 1797-இல் இலண்டனில் நூலாக்கினார். சென்னை முறை என்ற பெயரோடு அது இங்கிலாந்தில் ஏழைப் பிள்ளைகளுக்கான பள்ளிகளுக்குப் பரவியது. சீமையிலே ஏழைக்குப் போய்ச் சேர்ந்த மணல், இங்கே எந்தப் பிள்ளைக்குக் கிடைத்தது? திண்ணை எவர் வீட்டுத் திண்ணை? அதன்மேல் ஏறி உட்காரும் உரிமை எந்தத் தெருவுக்கு இருந்தது? மணலைப் புகழுங்கள், நாமும் கூடப் புகழ்கிறோம். திண்ணையைப் புகழாதீர்கள்.

நம் காலத்திலே செயல்வழிக் கற்றல் வந்தது. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-08 கல்வியாண்டில் தமிழ்நாடு முழுவதும் பரவிற்று. அதன் அட்டைகளையும் ஏணிப்படியையும் பற்றிப் பலர் பலவாறு பேசுவர். அட்டை எடுத்தல், அட்டை வைத்தல், ஏணியில் குறித்தல் என்று பல இடங்களில் அதுவும் சடங்காகிப் போனது மெய்யே. ஆயினும் ஒன்றை மறக்கலாகாது. சுவரின் அடிப்பகுதியில், பிள்ளை உட்கார்ந்தபடியே எட்டும் உயரத்தில், ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கட்டம் என்று கரும்பலகை தீட்டினார்களே, அது புரட்சி! அதுவரை கரும்பலகை ஆசிரியரின் சொத்து. அவர் உயரத்தில் இருந்தது, அவர் எழுதினார், பிள்ளை அண்ணாந்து பார்த்தது. ஒரு முழம் கீழே இறக்கியதும் சுண்ணக்கட்டி கை மாறிற்று. 2022-இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் நிலையறிந்து கற்பிக்கச் சொல்கின்றனர். நல்ல ஏற்பாடு. கருவி எவர் கையில் இருக்கிறது என்பதைப் பார்க்காமல் விட்டால் அரும்பும் காகித அரும்பாகவே இருக்கும்.

கைக்கு வந்த கருவி வாயைத் திறக்க வேண்டும். கருவியைத் தேர்ந்தெடுக்க எம்மிடம் உள்ள அளவுகோல் அதுவே. அதனைக் கண்டதும் பிள்ளை பேசுகிறதா, ஊமையாகிறதா?

பிரேசில் நாட்டின் வடகிழக்கு, நம் கரிசலைப் போலவே மழையை எதிர்நோக்கிக் கிடக்கும் வறண்ட பூமி. அங்கே அங்கிகோஸ் என்ற சிற்றூரில் 1963-ஆம் ஆண்டு பாவ்லோ ஃபிரைரே என்ற ஆசிரியர் ஏறத்தாழ 300 உழைப்பாளிகளுக்கு எழுத்தறிவிக்கப் புகுந்தார். ஏறத்தாழ 40 மணி நேரப் பாடம். அரிச்சுவடியை அவர் கொண்டுபோகவில்லை. அம்மக்கள் வாழ்வில் புழங்கும் சொற்களை முதலில் திரட்டினார். செங்கல், ஏர், நிலம் போன்ற சொற்கள். அந்தப் பொருளின் படத்தைக் காட்டி, முதலில் பேசச் செய்தார். செங்கல் சுடுபவன் யார், அதில் எழும்பும் வீடு யாருக்கு? பேசி முடிந்த பின்னரே சொல்லை எழுதி, அசை அசையாகப் பிரித்து, அந்த அசைகளைக் கொண்டு புதுச் சொற்களைக் கட்டச் செய்தார். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு அந்நாட்டில் அன்று வாக்குரிமை கிடையாது என்பதை நினைவிற் கொள்ளுங்கள். எழுத்தறிவு என்றால் வாக்குச் சீட்டு! 1964-இல் படையினர் ஆட்சியைப் பறித்ததும் ஃபிரைரேயைச் சிறையிலிட்டனர், பிறகு அவர் நாட்டை விட்டே போக நேர்ந்தது. படத்தையும் அசையையும் வைத்துக்கொண்டு பாடம் நடத்தியவரைக் கண்டு துப்பாக்கி ஏன் அஞ்சியது? உரலும் ஒட்டகமும் காட்டியிருந்தால் அஞ்சியிராது.

பருத்தியை எடுத்துக்கொள்வோம். காயோடும் வெடித்த பஞ்சோடும் ஒரு செடியைக் காட்டிலிருந்து பிடுங்கிவந்து நடுவில் வைத்தால் போதும். பூ, சப்பை, பிஞ்சு, காய், வெடிப்பு, கொட்டை என்று அந்தச் செடியின் உறுப்புகளுக்கு ஆசிரியர் அறியாத பெயர்களைப் பிள்ளைகள் சொல்வர். எடுக்கப் போனது அம்மா என்பர், கூலி இவ்வளவு என்பர், விலையைச் சொன்னவன் வியாபாரி என்பர். பிறகு எழுதட்டும். பருத்தி என்ற சொல்லைப் பிரித்தால் பரு வரும், பத்தி வரும், திரு வரும், பருதி என்னும் ஞாயிறும் வரும்.

தீப்பெட்டியையும் விடுவதாக இல்லை. முன் தலைமுறையின் பள்ளிக்கூடத்தை விழுங்கிய பெட்டி அது, அதனிடமிருந்து வட்டியோடு வசூலிக்க வேண்டும்! காலிக் கூட்டின் முகப்பில் ஓர் உயிர்மெய்யை ஒட்டி, அந்த எழுத்தில் தொடங்கும் பெயருடைய பொருளை உள்ளே வைத்து மூடுங்கள். பு என்ற பெட்டியில் புளியமுத்து, வே என்ற பெட்டியில் வேப்பமுத்து, க என்ற பெட்டியில் கம்பு. பிள்ளை குலுக்கிப் பார்க்கும், ஊகிக்கும், திறக்கும், கத்தும். இருபது பெட்டிகளை வரிசையாக இழுத்து ஒட்டினால் சொல்லும் தொடரும் ஆகும். செலவு கோந்துக்கு மட்டும். கரிசல் மண்ணும் அப்படியே. நனைத்துப் பிசைந்தால் எந்த எழுத்தையும் உருட்டலாம். காய்ந்ததும் வெடிக்கும் என்பது அதன் குறை. வெடித்ததைப் பிள்ளையே மறுபடி செய்யும் என்பது அதன் நிறை.

இதற்கு நேர் எதிரான வணிகம் ஒன்று நகரங்களிலே நடக்கிறது. ஆசிரியர் பயிற்சி பெறுவோர் செய்முறைத் தேர்வுக்குக் கொண்டுபோக வேண்டிய துணைக்கருவிகளைக் கடையிலே அடுக்கி வைத்து விற்கின்றனர். தெர்மாகோல் மரம், வண்ணத்தாள் வண்ணத்துப்பூச்சி, சுழலும் இலக்கணச் சக்கரம்! வாங்கியவர் தம் பெயரை எழுதி மதிப்பெண் பெறுகிறார். பிறகு அச்சக்கரம் எந்தப் பிள்ளையின் முன்னும் சுழல்வதில்லை. கண்காட்சிக்குச் செய்தது கண்காட்சியிலேயே முடிகிறது. எதிர்கால ஆசிரியர் கற்கும் முதற்பாடம் இதுவானால், பீரோவுக்குப் பூட்டு எங்கிருந்து வருகிறது என்று வியக்க வேண்டாம்.

பெரிய திரைகளும் வந்துவிட்டன. 2019-இல் கல்வித் தொலைக்காட்சி தொடங்கப்பட்டது. அண்மை ஆண்டுகளில் அரசுத் தொடக்கப் பள்ளிகளிலும் திறன்மிகு வகுப்பறைகள் அமைக்கப்பட்டு வருகின்றன. வரவேற்கிறோம். பணம் கட்டிப் படிக்கும் பிள்ளைக்குக் கிடைப்பது ஊராட்சி ஒன்றியப் பள்ளிப் பிள்ளைக்கும் கிடைக்க வேண்டும். வேன் ஏறி நகரத்துப் பள்ளிக்குப் போகும் பிள்ளையைப் பார்த்துப் பெற்றோர் மயங்குவதும், அதற்காக நகையை அடகு வைப்பதும் கண் முன்னே நடக்கிறது. ஆனால் திரை பாட, பிள்ளை தலையாட்ட, ஆசிரியர் மூலையில் பதிவேடு எழுத என்று மூவரும் மூன்று தொழில் செய்தால் மொழி எங்கே வளரும்? படத்தை ஓட்டுங்கள், பாதியிலே நிறுத்துங்கள். ஒலியை அடைத்துவிட்டு, அந்த நரி என்ன சொல்லியிருக்கும் என்று கேளுங்கள். விடை பத்து விதமாக வரும். அந்தப் பத்தையும் கரும்பலகையில் எழுதினால் அதுவே அன்றையப் பாடம். கேட்காமல் முழுதும் ஓடவிட்டால், கோவில் மண்டபத்தில் கதாகாலட்சேபம் கேட்டுக் கண்ணயர்ந்தவர்களுக்கும் நம் பிள்ளைகளுக்கும் என்ன வேறுபாடு?

பிள்ளையைப் பேசவிட்டால் கொச்சை வருமே என்று தமிழன்பர் சிலர் பதைப்பர். வரட்டும்! பாடநூல் ஏரி என்கிறது, இங்குள்ள பிள்ளை கம்மாய் என்கிறது. தவறு என்று சிவப்பு மை தீட்டினால் பிள்ளை வாயை மூடிக்கொள்ளும், ஏரியும் வராது, கம்மாயும் போய்விடும். கம்மாய் என்பதைக் கரும்பலகையில் எழுதி, பக்கத்தில் கண்மாய் என்றும் அதன் பக்கத்தில் ஏரி என்றும் எழுதுங்கள். மூன்று படி, ஏறிவரட்டும். கோவில்பட்டிக்கு அருகே இடைசெவலில் பிறந்த கி. ராஜநாராயணன், பள்ளிப் படிப்பு மிகுதியும் இல்லாதவர், இந்த மண்ணின் சொற்களையெல்லாம் திரட்டிக் கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதியைத் தொகுத்தார். அது வெளிவந்தது 1982-இல். கரிசல் பள்ளிகளில் எத்தனை பீரோவில் அந்த நூல் இருக்கிறது? வீட்டிலே தெலுங்கு பேசிவிட்டு வரும் பிள்ளைகளும் இவ்வட்டாரத்தில் பலர். அவர்களுக்கும் இதுவே வழி. வீட்டுச் சொல்லை வாசலில் கழற்றிவிட்டு வா என்று எந்தப் பிள்ளையிடமும் சொல்லும் உரிமை நமக்கில்லை.

நேரமில்லை என்பதே கடைசி மறுப்பு. ஐந்து வகுப்புக்கு இரண்டு ஆசிரியர், அதற்குமேல் பதிவேடு, கணக்கெடுப்பு, இணையப் பதிவேற்றம். இந்தக் குறை பொய்யன்று. தீர்க்க வேண்டியது அரசு, அதற்காகக் குரல் கொடுப்பதில் நாமும் முன்னே நிற்போம். ஆனால் தீப்பெட்டிகளை வட்டமாக உட்கார்ந்த மூன்றாம் வகுப்பிடம் கொடுத்துவிட்டால், அந்த அரைமணி நேரம் ஐந்தாம் வகுப்புக்குக் கிடைக்கிறது. கருவியைப் பூட்டிவைத்துவிட்டு, மூன்றாம் வகுப்பைக் கைகட்டி வாய்பொத்தி உட்காரவைக்கத்தான் ஓர் ஆசிரியர் முழுநேரமும் தேவைப்படுகிறார்.

மன்றங்களிலும் படிப்பகங்களிலும் இதை வாசிக்கும் இளைஞர்களுக்கு ஒரு வேலை தருகிறோம். உங்கள் தெருவிலே கிடக்கும் எழுத்தைப் பொறுக்குங்கள். விதைப் பொட்டலத்தின் உறை, தீப்பெட்டி முகப்பு, மாட்டுவண்டிப் பந்தயச் சுவரொட்டி, கடலை மிட்டாய்க் காகிதம், அம்மா கொண்டுவந்த கட்டணமில்லாப் பேருந்துச் சீட்டு. திங்கட்கிழமை காலையில் ஒரு பை நிறைய ஒன்றாம் வகுப்பு வாசலில் கொண்டுபோய்க் கொடுங்கள். பள்ளி மேலாண்மைக் குழு கூடும் நாளில் உங்கள் தாயோ தமக்கையோ உறுப்பினராக அங்கே அமர்ந்திருப்பார். பதிவேட்டைத் திறந்து எத்தனை அட்டை இருக்கிறது என்று காட்டுவர். இவ்வாண்டு எத்தனை அட்டை கிழிந்தது என்று கேட்கச் சொல்லி அனுப்புங்கள்.